கோப்பு வருவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருவரும் சுகம் என்று சொல்லிக்கொண்டுவிட்டோம். அதனால் சுகம் கேட்கும் வரிகளை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். கலியாணத்துக்கு மண்டபம் எடுத்த கதை, சாப்பாட்டுக்குச் சொன்ன கதை எல்லாம் முடிந்து, போனை வைக்கிற நேரத்தில் நீ ஒரு டெனிஷ் சொல்லைச் சொன்னாய்: அக்ட்இன்சிக்ட். தன்னைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருப்பதை ஒருவர் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பொலிஸ் எடுத்த விசாரணைக் கோப்பின் பிரதியைக் கேட்டு எழுதியிருக்கிறாய், இரண்டு கிழமையில் வருமாம். உன்னைக் கட்டப்போகிற பிள்ளை, ஊரில் உனக்கு என்ன நடந்தது என்று கேட்டாளாம். எல்லாம் கோப்பில் இருக்கும், எடுத்துத் தருகிறேன் என்று நீ சொன்னாயாம். நல்ல விஷயம் என்றேன் நான். இருபத்திரண்டு வருடம் அரசறிவியல் படிப்பித்தவன் வேறு என்ன சொல்வான்? போனை வைத்த பிறகு, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று அம்மா கேட்டாள். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கோப்பைத் திறப்பதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும். அதில் உன் பெயருக்குக் கீழே அரைப் பக்கம் இருக்கிறது. அது நீ சொன்னதல்ல, நான் சொன்னது. எப்படிச் சொல்ல வந்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும். நான் எதையும் சுருக்கமாகச் சொன்னதாக உனக்கும் ஞாபகம் இராது.

ஊரில் உயர்தர வகுப்புக்கு நான் படிப்பித்ததில் முக்கால்வாசி அந்நிய நாட்டு யாப்புகள். பிரித்தானியா, அமெரிக்கா, சுவிற்சர்லாந்து. இதில் ஒரு நாட்டையும் நான் கண்ணால் கண்டதில்லை. அதற்காக நாக்குத் தடுமாறியதும் இல்லை. நான் நோட்ஸ் சொல்லுவேன், பிள்ளைகள் எழுதுவார்கள், எழுதியதைப் பாடமாக்கிச் சோதனையில் இறக்கி வைப்பார்கள். அமெரிக்கா என்றால் வலுவேறாக்கம், தடைகளும் சமன்பாடுகளும், ஜனாதிபதியின் இரத்து அதிகாரம், முதல் பத்துத் திருத்தங்கள். ஐந்தாம் திருத்தத்துக்கு மட்டும் ஆறு குறிப்புகள் வைத்திருந்தேன். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நாலாவது. அதை விட்டுவிட்டு எழுதினால் இரண்டு புள்ளி போய்விடும். அந்தத் திருத்தம் எந்த மனிதனுக்கு எந்த நேரத்தில் தேவைப்படும் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

எங்கள் பக்கத்து வாத்திமாரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. சொந்தப் பிள்ளை தன் வகுப்பில் இருந்தால் முதல் கேள்வி அவனுக்குத்தான், முதல் அடியும் அவனுக்குத்தான். ஓரவஞ்சனை என்று எவரும் வாய் திறக்கக் கூடாது. நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் ஆசிரியர் வராத பாடத்துக்கு என்னை அனுப்பினார்கள். நீயும் இன்னொரு பொடியனும் தண்ணீர் குடிக்கப் போய்ப் பிந்தி வந்தீர்கள். அவனுக்கு ஒரு அடி, உனக்கு இரண்டு. அன்றைக்கு ஆசிரியர் அறையில், மாஸ்டர் தன் பிள்ளை என்றும் பார்க்க மாட்டார் என்று பெருமையாகக் கதைத்தார்கள். அந்தப் பெருமை உன் உள்ளங்கையிலிருந்து எடுத்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திராது என்றும் சொல்ல மாட்டேன், பழக்கம் அப்படிப்பட்டது.

ஆமியின் சுற்றிவளைப்பில் உன்னை முகாமுக்குக் கொண்டுபோனபோது உனக்குப் பதினைந்து வயது முடிந்து சில மாதம். மூன்றாம் நாள் பின்னேரம் நீயாகவே நடந்து வந்தாய். குளித்தாய், சாப்பிட்டாய், படுத்தாய். என்ன நடந்தது என்று நான் கேட்டேன், அம்மா கேட்டாள், மாமா கேட்டார். நீ ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சியுடன் மட்டும் வழமைபோல் சண்டை பிடித்தாய், அதில் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. இவனைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போங்கோ என்று அம்மா சொன்னாள். நகை போய், காணி போய், நீயும் நானும் எண்பத்தைந்தில் ஹோர்சன்ஸில் அகதிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் வந்து இறங்கினோம். அம்மாவும் தங்கச்சியும் மாமா வீட்டில். எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

அங்கிருந்த பாடசாலையில் உன்னை ஒன்பதாம் வகுப்பில் இருத்தினார்கள். இங்கிலிஷ் ஆசிரியை கிர்ஸ்டன், என் தொழில் என்ன என்று உன்னிடம் கேட்டறிந்து, ஒருநாள் சைக்கிளில் விடுதிக்கே வந்துவிட்டாள். வகுப்பு மூன்று கிழமைக்கு அமெரிக்காவைப் பற்றிப் படிக்கப்போகிறது, அரசாங்கம் எப்படி நடக்கிறது என்ற பகுதியை நீங்கள் வந்து சொல்லுங்கள், இங்கிலிஷிலேயே சொல்லலாம் என்றாள். ஏழு மாதமாக வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். கழுத்துப்பட்டி இரவல் வாங்கினேன். ஞாபகத்திலிருந்து நோட்ஸ் முழுவதையும் ஒரு கொப்பியில் எழுதினேன், நாற்பது பக்கம் வந்தது. உனக்கு அதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது. அப்போது நான் உன்னைக் கேட்கவே இல்லை.

முதல் நாள் நான் உள்ளே போனபோது ஒருவரும் எழும்பவில்லை, நீ ஒருவனைத் தவிர. எழும்பிவிட்டுச் சுற்றிப் பார்த்து நீயும் மெல்ல இருந்துவிட்டாய். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன் வரிசையில் லோனே என்ற பெட்டை சாவகாசமாகக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். நான் நோட்ஸ் சொல்லத் தொடங்கினேன், பேனாவைத் தொட ஒருவரும் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். புத்தகத்தில் இருக்கிறதே என்றார்கள். இரத்து அதிகாரத்தைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அந்த லோனே ஊசியை நிறுத்தாமலே, ஒரு மனிதனுக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது சரி என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று கேட்டாள். நான் நினைக்கிறேனா? இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் எவரும் கேட்டிராத கேள்வி. அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லித் தப்பினேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்பளி நூலை அறுத்து எறிய வேண்டும்போல் இருந்தது. அடுத்த வகுப்பில் அவளைக் கேள்வி கேட்டு மடக்கலாம் என்று பார்த்தேன். முந்தைய நாள் சொன்னது முழுவதையும் வரிசை மாறாமல் சொன்னாள், கைகள் பின்னிக்கொண்டே இருந்தன.

போகப்போக எனக்கும் அது பிடித்துவிட்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மேசையில் கால் போடுகிறவன் கேட்கிற கேள்வி நல்ல கேள்வியாக இருந்தது. ஏவுகணை வைத்திருக்கிற நாட்டைப் பற்றி நல்லதாக ஏன் சொல்லுகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். நான் சொல்வதை நம்பாமல் கேட்கும் பிள்ளைகளை அதுவரை நான் கண்டதில்லை. நீ மட்டும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தாய். நான் சொல்லச் சொல்ல எழுதிய ஒரே மாணவன் நீதான்.

இதற்கிடையில் எங்கள் அகதி விண்ணப்பத்துக்கான பொலிஸ் விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. விடுதியில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை. நடந்ததை விபரமாகச் சொன்னவனுக்குச் சுறுக்கென்று அனுமதி கிடைத்தது, சும்மா பயமாயிருந்தது என்று சொன்னவனை இன்னும் இழுத்தடிக்கிறார்கள் என்றார்கள். எங்களிடம் இருந்தது உனக்கு நடந்த அந்த மூன்று நாள்தான். அதை நீ என்னிடமே சொல்லவில்லை, பொலிஸுக்கு எப்படிச் சொல்வாய்? சாப்பிடும்போது இரண்டு தரம் கதையைத் தொடங்கிப் பார்த்தேன். இரண்டு தரமும் நீ கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாய். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. தகப்பன் கேட்டால் சொல்லாதவன், வாத்தி கேட்டால் சொல்லுவான். வகுப்பில், இங்கிலிஷில், கனிவான பிள்ளைகளுக்கு முன் ஒருதரம் வாய் திறந்தால், பொலிஸுக்கு முன் இரண்டாம் தரம் திறப்பது சுலபம். மகனே, நான் அதை ஒரு ஒத்திகை என்றே நினைத்தேன். உன் நன்மைக்கு என்றும் நினைத்தேன்.

அன்றைக்குப் பாடம் ஐந்தாம் திருத்தம். நாலாவது குறிப்பைப் பலகையில் பெரிதாக எழுதினேன். இப்படி ஒரு பாதுகாப்பு இல்லாமல் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஆளை நீங்கள் நேரில் கண்டிருக்கிறீர்களா என்று லோனே கேட்டாள். நான் கேட்க வைக்க நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள். கண்டிருக்கிறேன், அவன் இந்த அறையில்தான் இருக்கிறான் என்றேன். உன்னைப் பார்த்து, எழும்பிச் சொல்லு என்றேன். ஊரில் கேட்கிற அதே குரலில்தான் கேட்டேன், எனக்கே காதில் விழுந்தது.

நீ எழும்பினாய். மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாய். பிறகு பலகையைக் காட்டி இங்கிலிஷில், தெளிவாக, சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள்தான் அங்கே எழுதியிருக்கிறீர்கள் என்றாய். நான் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னாய்:

"அப்பா, இதிலை வைச்சுக் கேக்காதேங்கோ."

லோனே அப்போதுதான் முதல் தடவையாகப் பின்னலை மடியில் வைத்தாள். இரு என்று உனக்குச் சொன்னது கிர்ஸ்டன், நான் இல்லை.

இனிச் சொல்லப்போவது சின்ன விஷயம், ஆனால் எனக்கு வெட்கமான விஷயம். பாடம் முடிந்து ஆசிரியர் அறையில் கிர்ஸ்டன் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு வருடத்தில் நான் பார்த்த பாடங்களில் இதுதான் சிறந்தது, ஒரு உரிமை என்றால் என்ன என்று அவர்கள் இனி மறக்க மாட்டார்கள், நீங்களும் மகனும் இதை எத்தனை நாள் பழகினீர்கள் என்று கேட்டாள். நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்து நடித்துக் காட்டினோம் என்று அவள் நம்பிவிட்டாள். இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிராது. நான் கோப்பியைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினேன். வெளியே நீ எனக்காகக் காத்து நின்றாய். சைக்கிளில் ஏறிப் போயிருக்கலாம், ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு விடுதி வரைக்கும் மழைத் தூறலில் என்னோடு நடந்தாய். என்ன சமைப்பது என்று மட்டும் கதைத்தோம். அன்றைக்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. நீ உன் வீட்டில் அந்த வழக்கத்தைத் தொடங்கு, அது ஒன்றும் பெரிய கஷ்டமான வேலை இல்லை என்று நினைக்கிறேன். நான் செய்து பார்த்ததில்லை, இதுதான் முதல் தரம்.

ஆறு நாள் கழித்து விசாரணை. பொலிஸ் அதிகாரி நரைத்த ஆள், தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் இருந்தார். மொழிபெயர்க்கப் புரொண்பியிலிருந்து ஒரு அண்ணை ரயிலில் வந்திருந்தார். வயது குறைவு என்பதால் உன்னையும் என்னையும் ஒன்றாக இருத்தினார்கள். அந்த மூன்று நாள் பற்றி அதிகாரி உன்னிடம் கேட்டார். நீ சன்னலைப் பார்த்தாய். அவர் அவசரப்படுத்தவில்லை. கஷ்டமென்றால் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாததை என்னால் எழுத முடியாது என்றார். நியாயமான பேச்சு. தட்டச்சுப் பொறியில் வெள்ளைத் தாள் அப்படியே நின்றது. எனக்கு அந்தத் தாளில் தெரிந்தது அம்மாவும் தங்கச்சியும்தான். அவனாலை ஏலாது, நான் சொல்லுறன் என்று நான் தொடங்கினேன்.

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அந்த முகாமுக்குப் போய் வந்த பொடியன்களின் தாய் தகப்பன்மார் கோயிலிலும் சந்தையிலும் சொல்லி அழுத கதைகள் தெரியும். நாலு பிள்ளைகளுக்கு நடந்ததை நாலு வீட்டிலிருந்து எடுத்து உன் தலையில் வைத்தேன். நாள் வாரியாக, குறிப்புக் குறிப்பாகச் சொன்னேன், நோட்ஸ் சொன்ன வாய் அல்லவா. அண்ணை மொழிபெயர்த்தார், அதிகாரி தட்டினார். அதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனமில்லை. கோப்பில் படிப்பாய். படிக்கும்போது கட்டப்போகிற பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டுமா என்பதை முதலே யோசி.

அரைப் பக்கம் நிறைந்ததும் அதிகாரி உன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அண்ணை சொன்னார்:

"தம்பி, அப்பா சொன்னதெல்லாம் சரியோ எண்டு கேக்கினம்."

நீ அதிகாரியைப் பார்க்கவில்லை, அண்ணையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்:

"ஓம்."

அவ்வளவுதான். கையெழுத்து வைத்தோம். குளிர் விடுகிற காலத்தில் அனுமதி வந்தது, அடுத்த வருடம் அம்மாவும் தங்கச்சியும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். ரண்டர்ஸுக்கு வீடு மாறினோம். நான் தொழிற்சாலையில் மீன் பெட்டி அடுக்கினேன், நீ படித்தாய், வேலைக்குப் போனாய், எங்களோடு டெனிஷில் கதைக்கப் பழகினாய். எல்லாம் நல்லபடியாக வந்தது. அந்த அரைப் பக்கத்தால்தான் வந்ததா, அது இல்லாமலும் வந்திருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த விசாரணையைப் பற்றி நீயும் நானும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் எனக்கு அந்த அரைப் பக்கம் அல்ல, அதற்குக் கீழே உள்ள உன் ஒரு சொல்தான் பாரம். அது பொய் என்றால், வகுப்பில் தன் உரிமையை எழும்பி நின்று கேட்ட பிள்ளை, அம்மாவுக்காகவும் எனக்காகவும் அதை விட்டுக்கொடுத்துப் பொய் சொன்னான். அதைச் சொல்ல வைத்தவன் நான். அது உண்மை என்றால், நாலு வீட்டிலிருந்து நான் பொறுக்கி எடுத்தது முழுவதும் உனக்கு நடந்திருக்கிறது, அதையெல்லாம் உன் முன்னாலேயே நான் பாடம் போல ஒப்புவித்திருக்கிறேன். இந்த இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று விரும்புவது? இத்தனை வருடமாக யோசிக்கிறேன், விடை இல்லை. சில நாட்களில் நீ பொய்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடுகிறேன். எனக்கு வயது அறுபத்தாறு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

உன் பெண்சாதியாகப் போகிறவள் கேட்பாள், கேட்க வேண்டியவள்தான். அவளுக்குச் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். கோப்பை நீட்டிவிட்டுத் தப்பிக்கொள்ளாதே என்று மட்டும் சொல்வேன், ஏனென்றால் அதில் இருப்பது உன் குரல் இல்லை. தெரியாது, இப்போது சொல்ல ஏலாது என்று உன் வாயால் சொன்னாலே போதும், அவள் தாங்குவாள். என்னைப்போலப் பிடித்து நிறுத்திக் கேட்கிற ஆளாக அவள் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை, நீ கோப்புக் கேட்டு எழுதிய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பதிவைத் திருத்தக் கேட்கும் உரிமை எனக்கும் இருக்கிறதல்லவா? இந்த வாக்குமூலம் என்னுடையது, என் மகனுடையதல்ல, கேள்விப்பட்டதை அவனுக்கு நடந்ததாகச் சொன்னேன், அதற்கு நான் பொறுப்பு என்று டெனிஷில் ஒரு பக்கம் எழுதினேன். அதுவரைக்கும் பேனா நன்றாகத்தான் ஓடியது. அதன் பிறகு, என் மகன் ஓம் என்று சொன்னது என்று ஒரு வரியைத் தொடங்கினேன். பொய் என்று எழுதுவதா, உண்மை என்று எழுதுவதா? எதை எழுதினாலும் மறுபடியும் உன் வாயால் நான் பேசியதாகிவிடும். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அரைப் பக்கம் என்னுடையது, அதை உன்னிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்த ஓம் உன்னுடையது. அது என்னவென்று நான் கேட்கவில்லை.

அப்பா